இக்போ எழுத்திலக்கியம் படிக்க: நாடகம் முதலில், நாவல் கடைசியில்

சினுவா அச்செபேயின் முதல் நாவலை ஆங்கிலத்திலோ, என்.கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பான ‘சிதைவுகள்’ வழியாகவோ படித்தவர்கள் அடுத்துக் கேட்பது, “இக்போ இலக்கியத்தில் இனி என்ன படிக்கலாம்?” என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் 1958இல் வந்த அந்த நாவல் இக்போ மக்களின் கதையே தவிர, இக்போ மொழியில் எழுதப்பட்டதல்ல, ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இக்போ மொழியிலேயே எழுதப்பட்ட நாவல், கவிதை, நாடகம் எல்லாம் தனி அலமாரி. அச்செபேயின் நாவலுக்குக் கால் நூற்றாண்டு முன்பே அதில் முதல் நாவல் வந்துவிட்டது. நைஜீரியாவுக்கு வெளியே அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு.

இந்தக் கட்டுரை அந்த அலமாரியை நேராகத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு. இக்போ கொஞ்சமும் தெரியாது என்றாலும் பரவாயில்லை. ஆங்கிலம் வழியாக அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும், ஆனால் பொறுமை வேண்டும்.

நைஜீரியாவின் தென்கிழக்கில் அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோன்யி ஆகிய ஐந்து மாநிலங்கள் இக்போ மொழியின் வீடு. பக்கத்து டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களிலும் பேசுகிறார்கள். இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழி. அங்கே பள்ளிப் பாடத்தில் இலக்கியத்துக்கு அகுமாகு என்று பெயர். வாய்மொழி ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். எழுத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: உரைநடையான இதுவாசி, கவிதையான அபு, நாடகமான எஜிஜே. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் நடத்தும். புதியவருக்கு நான் சொல்வது நேர் எதிர்: நாடகம், அப்புறம் கவிதை, கடைசியில் நாவல். காரணம் போகப் போகத் தெரியும். அதற்கு முன் எழுத்தைப் பழகியாக வேண்டும்.

எழுத்தும் தொனியும்

இக்போ எழுத்துவரிசையில் 36 எழுத்துகள். எல்லாம் ரோமன் எழுத்துகள்தான், ஆனால் ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது. உயிர்கள் எட்டு. இ, ஒ, உ மூன்றுக்கும் கீழே புள்ளி வைத்த ஒன்று, வைக்காத ஒன்று என இரண்டிரண்டு வடிவம். ஆ, எ இரண்டும் ஒவ்வொன்றுதான். மெய்கள் 28. அவற்றில் ஒன்பது, இரண்டு எழுத்தாகத் தெரிந்தாலும் ஒரே ஒலி. மொழியின் பெயரிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. தமிழில் ‘இக்போ’ என்று எழுதும்போது க், ப் என இரண்டு மெய்யாகத் தெரிகிறது. அவர்கள் வாயில் அது ஒன்றுதான்: உதடுகளையும் நாவின் பின்பகுதியையும் ஒரே நேரத்தில் மூடி ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முதல் நாளே வராது. பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் பழகினால் வந்துவிடும்.

உயிர்கள் இரண்டு கூட்டணியாக நிற்பவை. ஆவும் புள்ளி வைத்த மூன்றும் ஒரு கட்சி. எவும் புள்ளியில்லாத மூன்றும் மறு கட்சி. ஒரு சாதாரணச் சொல்லில் இரண்டு கட்சியும் கலப்பதில்லை. கூட்டுச்சொற்களும் கடன்சொற்களும் மட்டும் விதிவிலக்கு. இது வெறும் இலக்கண விவரம் அல்ல. பழைய அச்சிலும் இணையத்திலும் புள்ளிகளை விட்டுவிடுவது சகஜம். அப்படி ஒரு சொல்லில் ‘ஆ’ கண்ணில் பட்டால், அதே சொல்லில் இருக்கும் இ, ஒ, உ எல்லாவற்றுக்கும் மனசுக்குள் புள்ளி வைத்துக்கொள்ளலாம். ‘எ’ இருந்தால் புள்ளி வேண்டாம். அகராதியில் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

அடுத்தது தொனி. உயர்ந்தது, தாழ்ந்தது என இரண்டு தொனிகள். உயர்ந்த தொனி தொடரில் ஒரு படி இறங்குவதும் உண்டு. ‘அக்வா’ என்ற ஒரே எழுத்துக்கூட்டுக்குத் தொனி மாற மாற அழுகை, துணி, முட்டை, கட்டில் என்று பொருள் மாறும். மொழியியல் நூல்களும் நல்ல அகராதிகளும் தொனிக்குறி போடும். நாவலும் நாடகமும் பெரும்பாலும் போடாது. தாய்மொழிக்காரர் சூழலைப் பார்த்து வாசித்துவிடுவார், நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே இக்போ இலக்கியத்தைக் கண்ணால் மட்டும் படிக்கத் தொடங்குவது வீண்வேலை. காது முதலில் தயாராக வேண்டும். நாடகத்தை முன்னால் வைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

காதுக்கு வேலை

மைக் எஜியாகாவின் பாடல்களிலிருந்து தொடங்கலாம். எனுகு பக்கத்துக் கிட்டார் கலைஞர். நாட்டார் கதைகளைப் பாட்டாகச் சொல்வதற்கென்றே பெயர் வாங்கியவர். 1983இல் அவர் பாடிய ஒரு பாட்டு, ‘க்வோ க்வோ க்வோ ங்வோ’ என்ற அதன் பல்லவியால் 2024இல் திடீரென்று நைஜீரியா முழுக்க ஆட்டம் போட வைத்தது. ஆடியவர்களில் பலர் கதையைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆமை யானையை ஏமாற்றி அரசனிடம் கூட்டிப்போகும் கதை அது. உனக்குத் தலைவர் நாற்காலி காத்திருக்கிறது என்று ஆசை காட்டுகிறது ஆமை. இக்போக் கதைகளில் ஆமைக்கு ம்பே என்று பெயர். தந்திரம், பேராசை, மாட்டிக்கொள்ளுதல் மூன்றும் அதன் வேலை. நாவலிலோ நாடகத்திலோ யாராவது ம்பேயைப் பற்றி ஒரு வரி சொன்னால், அந்த மனிதரின் குணம் சொல்லப்பட்டுவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கதைசொல்லி “சக்பீ!” என்று கூப்பிட, கேட்பவர்கள் “வோ!” என்று பதில் கொடுத்த பிறகே கதை ஆரம்பிக்கும் வழக்கம் சில பகுதிகளில் உண்டு. கூப்பிட்டால் பதில் வரவேண்டும் என்ற இந்தப் பழக்கம் எழுத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பின்னால் கவிதையில் பார்ப்பீர்கள்.

இக்போ பேசும் ஒருவரிடம் வாசிக்கக் கற்றுக்கொள்ள முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. முதலில் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒனிட்சாக்காரரும் ஓவெரிக்காரரும் ஒரே வரியை வேறு வேறாக வாசிப்பார்கள். எது சரி என்று கேட்டு வீண் விவாதத்தில் மாட்டவேண்டாம். இருவர் வாசிப்பதையும் ஒலிப்பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் வாங்கும் முன் ஆண்டைப் பாருங்கள்

பலர் தவறவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இக்போவுக்கு எழுத்து அமைத்தவர்கள் மிஷனரிகள். சாமுவேல் அஜாயி க்ரௌதரின் அரிச்சுவடி 1857இல் வந்தது. பிறகு ஆங்கிலிக்கன் பாதிரியார் டென்னிஸ் பல வட்டார வழக்குகளை ஒன்றுசேர்த்து ஒரு பொதுமொழியை உருவாக்கினார். ‘யூனியன் இக்போ’ என்று அதற்குப் பெயர். 1913இல் முழு பைபிளும் அதில் வந்தது. யாருடைய தாய்மொழியும் இல்லாத அந்தக் கலவை மொழி, தேவாலயம் வழியாக எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

1929இல் புது எழுத்துமுறை ஒன்று வந்தது. திருப்பிப் போட்ட ஆங்கில ‘c’ போலிருக்கும் ஒகரம் முதலிய புதிய எழுத்துகள் அதில் இருந்தன. அரசும் கத்தோலிக்கரும் புதியதை ஏற்றார்கள். ஆங்கிலிக்கன் சபை பழையதை விடவில்லை. ஒரே மொழி பேசும் பிள்ளைகள், போகும் பள்ளியைப் பொறுத்து வேறு வேறு எழுத்தில் படித்தார்கள். எஃப்.சி. ஒக்பாலு 1949இல் இக்போ மொழி, பண்பாட்டு வளர்ச்சிக்கான சங்கத்தைத் தொடங்கியதற்குப் பின்னணி இந்தச் சண்டைதான். அவர் புதிய எழுத்துமுறையைக் கடுமையாக எதிர்த்தவர். கடைசியில் 1961இல் மருத்துவர் ஒன்வு தலைமையிலான குழு ஒரு சமரசத்துக்கு வந்தது. அதுதான் இன்றைய 36 எழுத்து.

முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்துக்கூட்டலைப் பற்றியே சண்டை போட்ட ஒரு மொழியில் புத்தகங்கள் குறைவாக வந்ததில் வியப்பில்லை. எந்த எழுத்தில் அச்சிட்டாலும் பாதி வாசகர்களுக்கு ஆகாது என்றால் பதிப்பாளர் எப்படித் துணிவார்? இக்போ நாவல் ஏன் பின்தங்கியது என்பதற்கு எல்லாரும் ஆங்கில மோகத்தைக் காரணம் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இந்தச் சண்டையின் பங்கு அதைவிடப் பெரியது என்பது என் எண்ணம்.

ஆக, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தலைப்பைப் பார்க்கும் முன் அச்சான ஆண்டைப் பாருங்கள். 1961க்கு முந்தியது என்றால் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பழைய நாவல்களுக்கும் ஒன்வு எழுத்தில் மறுபதிப்புகள் உண்டு, அவற்றையே கேட்டு வாங்குங்கள். மூலப் பதிப்பு ஆராய்ச்சிக்காரர்களுக்கு.

அகராதியைப் புரட்டும் விதம்

இரண்டு அகராதிகள் போதும். கே வில்லியம்சன் 1972இல் தொகுத்தது ஒனிட்சா வழக்கை அடிப்படையாகக் கொண்டது, தொனிக்குறியும் இருக்கும். மைக்கேல் எச்செருவோவின் அகராதியை யேல் பல்கலைக்கழக அச்சகம் 1998இல் வெளியிட்டது. இலக்கணத்துக்கு எமெனான்ஜோ 1978இல் எழுதியது இன்னும் பயன்படும்.

வினைச்சொல்லைத் தனியாகத் தேடாதீர்கள். ‘க்பா’ என்று ஒரு வினை. அதோடு ஓசோ சேர்ந்தால் ஓடுவது, எக்வு சேர்ந்தால் ஆடுவது, அமா சேர்ந்தால் சாட்சி சொல்வது. வினையும் அதை ஒட்டிவரும் பெயரும் சேர்ந்துதான் பொருள். வினைக்குப் பின்னால் வரும் சொல்லையும் சேர்த்துக் குறித்துக்கொண்ட பிறகு அகராதியைத் திறந்தால் தலைவலி இருக்காது. வினைக்குப் பின்னால் ‘ர’ ஒட்டிக்கொண்டு, வினையின் உயிரையே திரும்பச் சொன்னால் பெரும்பாலும் இறந்தகாலம்: க்பா, க்பாரா. ஒனிட்சா பக்கத்தில் அந்த ‘ர’ பல இடங்களில் ‘ல’ ஆகும்.

நாடகம்

இப்போது முதல் புத்தகம். நாடகத்தில் வாக்கியங்கள் சின்னவை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது பக்க ஓரத்திலேயே எழுதியிருக்கும். வாழ்த்து, விசாரிப்பு, கோபம், கெஞ்சல் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். சத்தமாக வாசிக்காமல் நாடகம் படிக்க முடியாது, அதனால் தொனியும் பழகிவிடும்.

இக்போ எழுத்துநாடகம் வயதில் சின்னது. அச்சில் வந்த முதல் நாடகமாக வழக்கமாகச் சொல்லப்படுவது ஏ.பி. சுக்குவேஸி எழுதிய ‘உடோ கா ம்மா’. 1974இல் வந்தது. சமாதானமே மேல் என்று பொருள். நாவல் வந்து நாற்பது வருஷம் கழித்துத்தான் நாடகம் அச்சேறியது. நடிப்பு இல்லாத சமூகமா என்றால் இல்லை. முகமூடி ஆட்டம், திருவிழா, கதைசொல்லல் எல்லாவற்றிலும் நடிப்பு நிறைந்திருந்தது. அதைத் தாளில் எழுதிவைக்கத் தேவை வரவில்லை, அவ்வளவுதான்.

நான் பரிந்துரைப்பது ‘ஓஜாதிலி’. ஒடுங்கே கலைஞர் குழு என்று ந்சுக்காவில் இயங்கிய ஒரு கூட்டம் சேர்ந்து எழுதியது, 1977இல் வெளியானது. தனி ஆசிரியர் பெயர் இல்லை. இதில் ஒரு வசதி, கதை ஏற்கெனவே நாட்டார் வழக்கில் இருப்பது. ஓஜாதிலி ஒரு மல்லன். மனிதர் உலகத்தில் தோற்கடிக்க ஆளில்லாமல் போய், ஆவிகளின் நாட்டுக்கே மல்லுக்கு நிற்கப் போகிறான். அங்கேயும் ஜெயிக்கிறான். போதும், திரும்பிப் போ என்று சொல்லியும் கேட்காமல், இன்னும் யாராவது உண்டா என்கிறான். கடைசியில் எதிரே வந்து நிற்பது அவனுடைய சொந்த ‘சி’. ஒல்லியான உருவம்தான், ஆனால் அவனை ஒரே தூக்கில் தரையில் அடித்துவிடுகிறது. நாட்டார் கதை இப்படிப் போகும். இதை முதலில் மனசில் ஏற்றிக்கொண்டு நாடகத்துக்குப் போனால் தெரியாத சொல்லைக்கூட இடம் பார்த்து ஊகிக்க முடியும்.

‘சி’ என்றால் விதி என்று சுருக்கிவிடாதீர்கள். ஒவ்வொருவரோடும் பிறக்கும் தனித் தெய்வம், துணை, அவர் பங்கு எல்லாம் அதில் அடங்கும். மனிதன் ஆம் என்றால் அவன் சியும் ஆம் என்னும் என்று ஒரு பழமொழி இருக்கிறது. சியை மீறி யாரும் ஜெயிக்க முடியாது என்று ஓஜாதிலி கதை சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான். இக்போ இலக்கியம் முழுக்க இந்த இழுபறி ஓடும். எந்த நூலைப் படித்தாலும், இந்த ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம்.

படிக்கும் முறை எளிதுதான். ஒரு நேரத்தில் ஒரு காட்சி. முதல் தடவை அகராதி இல்லாமல் சத்தமாக வாசியுங்கள், யார் யாரோடு சண்டை என்று மட்டும் கண்டுபிடியுங்கள். இரண்டாவது தடவை அகராதியோடு. மூன்றாவது தடவை, வீட்டில் ஆள் இருந்தால் ஆளுக்கொரு பாத்திரமாக வாசியுங்கள். மேடைக் குறிப்புகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கோலாக்கொட்டை உடைக்கும் இடம் வந்தால் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். விருந்தினர் வந்தால் ஓஜி எனப்படும் கோலாக்கொட்டை வரும். கொண்டுவருபவர் வாழ்வைக் கொண்டுவருகிறார் என்பார்கள். யார் அதை எடுத்துக் காட்டுகிறார், யார் ஜெபம் சொல்கிறார், யார் உடைக்கிறார் என்பதில் வயது, பதவி, உறவு எல்லாம் அடங்கியிருக்கிறது. நாடகத்தில் யாராவது அந்த வரிசையை மீறினால் அங்கே சண்டை மூளப்போகிறது என்று பொருள்.

பழமொழிக்கு ஒரு தனி நோட்டு போடுங்கள். பழமொழிதான் சொற்களை உண்ண உதவும் பனையெண்ணெய் என்ற வரியை அச்செபே சொல்லி உலகமே திருப்பிச் சொல்லியாயிற்று, அதை விடுங்கள். புத்தகத்தில் எதிர்ப்படும் ஒவ்வொரு பழமொழியையும், யார் யாரிடம் எதற்காகச் சொன்னார் என்பதோடு எழுதிக்கொள்ளுங்கள். பொருளை மட்டும் எழுதிவைத்தால் பாதிதான் கிடைக்கும். அதே பழமொழியை மூத்தவர் சொன்னால் புத்திமதி, இளையவர் சொன்னால் துடுக்கு.

கவிதை

கவிதைக்கு இரண்டு தொகுப்புகள். ஒன்று ‘அக்பா உச்சே’. ஆர்.எம். எக்கெச்சுக்வு பதிப்பித்து 1975இல் வந்த நவீன கவிதைத் தொகுப்பு. பல கவிஞர்கள், அதனால் ஒருவர் பிடிக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகலாம். மற்றது 1982இல் அச்செபேயும் ஓவியர் ஒபியோரா உதெச்சுக்வுவும் சேர்ந்து பதிப்பித்த ‘அகா வேட்டா’. பாடிய பாட்டும் எழுதிய பாட்டும் என்று அதற்குத் துணைத்தலைப்பு. வாய்மொழிப் பாட்டும் தாளில் எழுதிய கவிதையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது என்று பதிப்பாளர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள்.

தொடக்கத்தில் எதுகை தேடாதீர்கள். நம் காது எதுகை, மோனைக்குப் பழகியது, அதனால் இந்தக் கவிதைகள் முதலில் சப்பென்று இருக்கலாம். இங்கே இசை வருவது வேறு வழியில்: ஒரே வாக்கிய அமைப்பைத் திரும்பச் சொல்லி ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது, ஒலிக்குறிப்புச் சொற்களை அடுக்குவது, கூப்பிட்டுப் பதில் வாங்குவது, தொனியின் ஏற்ற இறக்கத்தையே தாளமாக்குவது. கடைசியாகச் சொன்னது தாளில் தெரியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். நல்ல வேளையாக, கவிதை சின்னது. ஒரு நாவலை வாசித்துக் காட்டச் சொல்லி யாரையும் கேட்க முடியாது, ஒரு பக்கக் கவிதைக்குக் கேட்கலாம். கவிதையை நாவலுக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இதுதான். கேட்கும்போது வரிக்கு மேல் ஏறுகோடு, இறங்குகோடு போட்டுக்கொள்ளுங்கள். மொழியியல்காரர் போல எல்லாவற்றையும் குறிக்கத் தேவையில்லை, இறக்கத்தை மட்டும் குறித்தால் போதும்.

‘அகா வேட்டா’வைத் திறந்ததும், பாடநூல் வழியாகப் பொது இக்போ கற்றவர் திணறுவார். எழுத்துக்கூட்டலே அனம்ப்ரா பக்கத்துப் பேச்சு வழக்கில் இருக்கும். நான் முன்பு சொன்ன ‘ர’, ‘ல’ மாற்றம் துணைத்தலைப்பிலேயே வருகிறது. அது பிழையல்ல, வேண்டுமென்றே செய்தது. ஒக்பாலுவின் சங்கம் வளர்த்த பொது இக்போவை, அதாவது இக்போ இஸுக்பேயை, அச்செபே ஏற்கவில்லை. டென்னிஸின் யூனியன் இக்போவைப் போலக் குழு உட்கார்ந்து செய்த மொழியில் உயிர் இருக்காது, அவரவர் ஊர் வழக்கில் எழுதட்டும் என்பது அவர் கட்சி. 1999 செப்டம்பரில் ஓவெரியில் நடந்த ஒதெனிக்போ என்ற வருடாந்தரச் சொற்பொழிவில் அவர் இதை இக்போவிலேயே, தன் ஊர் வழக்கிலேயே பேசினார். மொழியியலாளர்கள் பலருக்குக் கோபம்.

புதியவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? கற்பதற்குப் பொது இக்போவே வேண்டும், பாடநூல்கள் அதில்தான் இருக்கின்றன. ஆனால் கவிதையைப் பொறுத்தவரை அச்செபே சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஊர் வழக்கில் எழுதிய வரியை அந்த ஊர்க்காரர் வாசிக்கும்போது கேளுங்கள், அதையே பொது இக்போவுக்கு மாற்றி வாசிக்கச் சொல்லியும் கேளுங்கள். தொனி மாறினால் தாளமும் மாறிவிடும். ஆகவே முதலில் ‘அக்பா உச்சே’, கொஞ்சம் தேறியதும் ‘அகா வேட்டா’.

நாவல்

இப்போது ‘ஓமெனுகோ’. இக்போ மொழியின் முதல் நாவல். எழுதியவர் பீட்டா ந்வானா. உசுவாகோலியில் மெதடிஸ்ட் மிஷன் பள்ளியில் தச்சு வேலை பார்த்தவர். ஆப்பிரிக்க மொழிகளுக்கான ஒரு சர்வதேசக் கழகம் நடத்திய போட்டியில் பரிசு பெற்று, 1933இல் லண்டனில் லாங்மன்ஸ் வெளியீடாக வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் படித்த புத்தகம்.

கதை உண்மை மனிதர் ஒருவரை அடிப்படையாகக் கொண்டது: அரொண்டிசுவோகுவைச் சேர்ந்த இக்வெக்பே ஒதும். நாவலில் ஓமெனுகோ ஒரு வியாபாரி. சந்தைக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியில் பாலம் இடிந்து எல்லாம் ஆற்றோடு போகிறது. போட்ட முதல் போச்சு. அவன் என்ன செய்கிறான் தெரியுமா? சரக்கைச் சுமந்து வந்த சொந்தக்காரப் பையன்களையும் தன்னிடம் தொழில் பழக விட்டிருந்த பிள்ளைகளையும் அடிமை வியாபாரிகளிடம் விற்றுவிடுகிறான். பிறகு ஊரில் இருக்க முடியாமல் குடும்பத்தோடு ஓடி, வேற்றூரில் தஞ்சம் புகுந்து, வெள்ளையர் ஆட்சியில் பதவியுள்ள தலைவனாகவே ஆகிறான். பணம், செல்வாக்கு எல்லாம் வருகிறது. ஆனால் ஊர் திரும்ப முடியவில்லை. விற்றவர்களை மீட்டு, செய்ததற்குப் பரிகாரம் செய்த பிறகே ஊர் அவனை ஏற்கிறது.

இதை வெறும் குற்றமும் பரிகாரமுமாகப் படித்தால் பாதி தவறிவிடும். பிள்ளைகளைத் தொழில் பழக வியாபாரியிடம் விடுவது இக்போ சமூகத்தின் அடிப்படை ஏற்பாடு, இன்றும் ஒனிட்சா சந்தையில் நடக்கிறது. எசமானர் பையனை வளர்த்து, கடைசியில் முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தர வேண்டும். ஓமெனுகோவும் அப்படிப் பழகி மேலே வந்தவன்தான். அதே ஏற்பாட்டில் தன்னிடம் வந்த பிள்ளைகளைத்தான் விற்கிறான். விற்பனை மட்டுமல்ல, நம்பி விட்ட பெற்றோருக்கும் உறவுக்கும் செய்த துரோகம், நிலத்துக்கே தீட்டு. நிலத்தெய்வமான அலாவின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள், நாவலின் நீதி அங்கேதான் இருக்கிறது. கிறிஸ்தவ மிஷன் பள்ளித் தச்சர், மிஷன் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் அலாவின் சட்டத்தை இவ்வளவு மதித்து எழுதியிருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

காலக்கணக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இக்போ வாரம் நான்கு நாள்: எகே, ஒரியே, அஃபோ, ந்க்வோ. ஒவ்வொன்றும் சந்தை நாள். நாவலில் இத்தனை இஸு கழித்து என்றால் நான்கால் பெருக்க வேண்டும், ஏழால் அல்ல. பெரிய இஸு என்றால் எட்டு நாள்.

ஓமெனுகோவுக்கு ஆங்கிலத் துணை உண்டு. எர்னெஸ்ட் எமென்யோனு மொழிபெயர்த்திருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருதுப் பேராசிரியராக இருந்த பிரான்செஸ் பிரிட்செட்டும் மொழிபெயர்த்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார். அத்தியாயத்தை இக்போவில் தட்டுத்தடுமாறி முடித்த பிறகு ஆங்கிலத்தைப் பாருங்கள். முன்னால் பார்த்தால் இக்போ பக்கம் கண் போகாது.

டி.என். அச்சாராவின் ‘அலா பிங்கோ’ 1937இல் வந்தது. நாட்டார் கதைச் சாயலில் ஒரு அரசன் கதை, அளவில் சின்னது. ஓமெனுகோ பயமுறுத்தினால் இதிலிருந்து தொடங்கலாம். லியோபோல்ட் பெல்-காம் எழுதிய ‘இஜே ஓடுமோடு ஜெரே’ ஒரு பயணக் கதை. இரண்டும் வேகமாக ஓடும்.

1967 முதல் 1970 வரை, இக்போ பகுதி நைஜீரியாவிலிருந்து பிரிய முயன்ற பியாஃப்ரா போர். அதற்குப் பிறகுதான் இக்போ எழுத்து பொங்கி வந்தது. எழுத்துச் சண்டை ஓய்ந்திருந்தது, சங்கம் சுறுசுறுப்பாக இருந்தது, சொல்வதற்குப் பெரிய துயரமும் இருந்தது. இந்தக் காலத்தின் பெரிய பெயர் டோனி உபேசி. 1973இல் மட்டும் இரண்டு நாவல்கள். அவற்றில் ‘இசி அக்வு தாரா ந’அலா’ போர்க்காலத்தில் ஒரு குடும்பம் என்ன ஆகிறது என்று சொல்கிறது. செல்வாக்கான கணவன் எல்லாம் இழக்கிறான், கல்யாணம் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. ஆங்கிலத்தில் வந்த பியாஃப்ரா நாவல்கள் பெரும்பாலும் அரசியலைப் பேசும். உபேசி வீட்டுக்குள் நின்று எழுதுகிறார். மனைவி பாத்திரத்தை அவர் கொஞ்சம் கடுமையாகவே நடத்துகிறார் என்பது என் கருத்து. படித்துப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

உபேசியின் தலைப்புகளையும் கவனியுங்கள். 1975இல் வந்த ஒன்றின் தலைப்பு, ஒக்போகோப் பறவை தூக்கிக்கொண்டு போன வெட்டுக்கிளி என்று மட்டும் சொல்லி நிற்கிறது. அது பழமொழியின் முதல் பாதி. சத்தம் போட்டுக்கொண்டே வரும் பறவையிடம் சிக்கிய வெட்டுக்கிளிக்குக் காது செவிடு என்பது மறுபாதி. இக்போ வாசகர் அட்டையைப் பார்த்ததுமே மறுபாதியைச் சொல்லிவிடுவார். எச்சரிக்கையைக் கேட்காத யாரோ ஒருவரின் கதை என்று அவருக்கு அப்போதே தெரியும். நாடகம் படிக்கும்போது போட்ட பழமொழி நோட்டு இங்கேதான் உதவும். தலைப்பு வாக்கியமாக முடியாமல் நின்றால், மீதியைக் கண்டுபிடித்த பிறகு முதல் பக்கத்துக்குப் போங்கள்.

புத்தகம் கிடைக்க

இவற்றில் பல பள்ளிப் பாடநூலாக வாழ்பவை, ஆகவே இலக்கியக் கடையில் தேடினால் கிடைக்காது, பாடநூல் கடையில் கிடைக்கும். ஒனிட்சாவில் ஒக்பாலுவின் யுனிவர்சிட்டி பப்ளிஷிங் கம்பெனி, முன்பு லாங்மன் நைஜீரியாவாக இருந்து இன்று லேர்ன் ஆப்பிரிக்கா ஆகிவிட்ட நிறுவனம், இபாதானில் யுனிவர்சிட்டி பிரஸ் ஆகிய பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போய்வரும் நைஜீரிய நண்பர் இருந்தால் வாங்கிவரச் சொல்வதே சுலபம். மேற்கு ஆப்பிரிக்கத் தேர்வு மன்றத்தின் இக்போ பாடத்திட்டத்தில் அந்தந்தக் காலத்துப் பாடநூல்கள் இருக்கும். எவை இப்போது அச்சில் இருக்கின்றன என்று அதைப் பார்த்தே ஊகிக்கலாம்.

‘ஒனிட்சா சந்தை இலக்கியம்’ என்ற பெயரைப் பார்த்து அது இக்போ இலக்கியம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தச் சின்னச் சின்னப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. சுவையானவைதான், ஆனால் வேறு அலமாரி.

இணையத்தில் தேடும்போது ஒரே தலைப்பைப் புள்ளியோடு ஒரு தடவை, புள்ளியில்லாமல் ஒரு தடவை, சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நூலக அட்டவணைகள் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

திறனாய்வு படிக்க விரும்பினால் எமென்யோனு 1978இல் இக்போ நாவலின் எழுச்சியைப் பற்றி எழுதிய நூலும், 2020இல் வந்த அவருடைய இக்போ நாவல் வரலாறும் இருக்கின்றன. குறைந்தது ஒரு நாடகமும் ஓமெனுகோவும் முடித்த பிறகு எடுங்கள். அவர் கதைகளை முழுக்கச் சொல்லிவிடுவார்.